செயற்கைக்கோள் தொடர்புத் திறன் பகிர்வு

செயற்கைக்கோள் தொடர்புத் திறன் பகிர்வு என்பது, தொடர்பாடல் செயற்கைக்கோள்களுக்குரிய சுற்றுப்பாதை இடங்கள், அலைக்கற்றை, டிரான்ஸ்பாண்டர் திறன் ஆகியவற்றை நாடுகளுக்கும் பயனர்களுக்கும் இடையே பங்கிடும் முறையையும், அதற்கான சட்ட ஒழுங்குகளையும் குறிக்கும். இத்திறன் வரம்புக்குட்பட்டது. ஆகவே அதை யார், எந்த விலையில், எந்த முன்னுரிமையில் பெறுவது என்பது தொழில்நுட்பக் கேள்வியாக மட்டும் இல்லாமல் நீதி சார்ந்த கேள்வியாகவும் உள்ளது.

பற்றாக்குறைக்கான காரணங்கள்

புவிநிலைச் சுற்றுப்பாதை நிலநடுக்கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 35,786 கி.மீ. உயரத்தில் அமைந்த ஒரே ஒரு வளையம் ஆகும். ஒரே அலைவெண்ணைப் பயன்படுத்தும் இரு செயற்கைக்கோள்கள் அதில் மிக அருகருகே இருந்தால் குறுக்கீடு ஏற்படும்.

பெரிய தட்டு அலைவாங்கி ஒரு செயற்கைக்கோளை மட்டும் குறிபார்க்க வல்லது. எனவே ஒரே அலைவெண்ணைப் பல நிறுவனங்கள் பகிர்ந்துகொள்ள இயலும். கையடக்கக் கருவிகளிலும் அலையில் ஆடும் படகுகளிலும் உள்ள சிறிய அலைவாங்கிகளுக்கு அத்தகைய கூர்மை இல்லை. அவற்றுக்கு ஏற்ற எல், எஸ் அலைப்பட்டைகள் குறுகியவை. இதனால் அப்பட்டைகளுக்கே போட்டி மிகுதி.

பன்னாட்டு ஒழுங்குமுறை

பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அமைப்புச் சட்டம், 44ஆம் பிரிவில், அலைவெண்களையும் சுற்றுப்பாதைகளையும் வரம்புக்குட்பட்ட இயற்கை வளங்கள் எனக் குறிப்பிடுகின்றது. வளரும் நாடுகளின் தேவைகளைக் கருத்தில் கொண்டு, நாடுகள் அவற்றை ஒப்புரவான முறையில் அணுக வேண்டும் எனவும் கூறுகின்றது.

நடைமுறையில் பெரும்பாலும் முதலில் பதிபவருக்கே முன்னுரிமை கிடைக்கின்றது. இதை எதிர்த்து நிலநடுக்கோட்டு நாடுகள் சில 1976இல் பொகோட்டா சாற்றுதலை வெளியிட்டு, தத்தம் நாட்டிற்கு மேலுள்ள வளையப் பகுதிக்கு உரிமை கோரின. அக்கோரிக்கை ஏற்கப்படவில்லை. எனினும் 1985, 1988 ஆண்டுகளில் நடந்த உலக மாநாடுகளின் விளைவாக, சில அலைப்பட்டைகளில் ஒவ்வொரு நாட்டிற்கும் ஓர் இடம் ஒதுக்கிவைக்கப்பட்டது. பயன்படுத்தாமல் இடம்பிடித்து வைப்பதைத் தடுக்க, பதிந்த இடத்தை 7 ஆண்டுகளுக்குள் பயன்பாட்டிற்குக் கொண்டுவர வேண்டும் என்ற விதியும் உள்ளது.

இந்தியாவில்

எஸ் அலைப்பட்டை குறித்த பெரும் சர்ச்சை தேவாஸ் ஒப்பந்தத்தால் எழுந்தது. இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆந்திரிக்ஸ் நிறுவனம் 2005 சனவரியில் தேவாஸ் மல்டிமீடியா நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்தது. ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ ஆகிய இரு செயற்கைக்கோள்களின் பெரும்பகுதித் திறனும், 70 மெகாஹெர்ட்ஸ் எஸ் அலைப்பட்டையும் இதில் அடங்கும். நாட்டின் பாதுகாப்பு உள்ளிட்ட தேவைகளைக் காரணம் காட்டி நடுவண் அரசு 2011இல் ஒப்பந்தத்தை நீக்கியது. தேவாஸ் நிறுவனத்தைக் கலைக்கும் ஆணையை உச்ச நீதிமன்றம் 2022 சனவரியில் உறுதிசெய்தது. ஜிசாட்-6 2015இல் ஏவப்பட்டது. ஜிசாட்-6ஏ 2018இல் ஏவப்பட்ட பின் தொடர்பிழந்தது.

2012இல் 2ஜி வழக்கில் 122 உரிமங்கள் நீக்கப்பட்டபின், செயற்கைக்கோள் அலைக்கற்றையையும் ஏலம் விட வேண்டுமா என்ற கேள்வி எழுந்தது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம், முதல் அட்டவணையில் உள்ள செயற்கைக்கோள் சேவைகளுக்கு ஏலமின்றி நிருவாக முறையில் ஒதுக்கீடு செய்ய வழிசெய்தது. வருவாயில் 4 விழுக்காட்டைக் கட்டணமாகப் பெறலாம் எனத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2025 மே மாதம் பரிந்துரைத்தது.

வடசென்னைக் கடற்பகுதி

இப்பகிர்வின் ஏற்றத்தாழ்வை எண்ணூர் முதல் இராயபுரம் வரையுள்ள கடற்பகுதியில் தெளிவாகக் காணலாம். எண்ணூர் காமராசர் துறைமுகத்திற்கு வரும் 300 டன்னும் அதற்கு மேலும் கொள்ளளவுள்ள பன்னாட்டுச் சரக்குக் கப்பல்கள், உலகக் கடல்சார் இடர் உதவி முறைமைக்கான வானொலிக் கருவிகளைக் கொண்டிருப்பது 1999 முதல் கட்டாயம் ஆகும். ஆழ்கடலில் இதற்குச் செயற்கைக்கோள் தொடர்பு பெரிதும் உதவுகின்றது. மீன்பிடி படகுகளுக்கு இவ்விதி பொருந்தாது.

காசிமேட்டிலிருந்து செல்லும் விசைப்படகுகள் பல நாட்கள் கடலில் தங்குகின்றன. கைபேசி அலையும் வி.எச்.எஃப். வானொலியும் கரையிலிருந்து சிறிது தொலைவு வரையே எட்டும். துரயா, இரிடியம் போன்ற அயல்நாட்டுச் செயற்கைக்கோள் தொலைபேசிகளை உரிய அனுமதியின்றிப் பயன்படுத்த இந்தியாவில் தடை உள்ளது.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வீசியபோது, ஏற்கனவே ஆழ்கடலில் இருந்த குமரி, கேரள மீனவர்கள் பலருக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. இதன் பின்னர் மீனவருக்கான செயற்கைக்கோள் தொடர்பு முனைப்புப் பெற்றது. 2019இல் அறிமுகமான ஜெமினி கருவி எச்சரிக்கைகளைப் பெற மட்டுமே உதவுவது. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 5,000 விசைப்படகுகளுக்கென வழங்கப்பட்ட டிரான்ஸ்பாண்டர்கள் இருவழியாகச் செய்தி அனுப்ப வல்லவை. அவை ஜிசாட்-6 வழியாக இயங்குகின்றன. ஒரு காலத்தில் தனியாருக்கென ஒதுக்கப்பட்டிருந்த செயற்கைக்கோளின் திறன் இவ்வாறு மீனவர்களுக்கும் பயன்பட்டது.

தமிழகத் திட்டம் விசைப்படகுகளுக்கானது. திருவொற்றியூர், எண்ணூர் குப்பங்களிலிருந்து செல்லும் ஃபைபர் படகுகள் அதில் இடம்பெறவில்லை. 2024 ஆகத்து மாதம் தொடங்கப்பட்ட நடுவண் அரசின் 364 கோடி ரூபாய்த் திட்டம், 13 கடலோர மாநிலங்கள் மற்றும் ஒன்றியப் பகுதிகளில், இயந்திரம் பொருத்திய படகுகளையும் சேர்த்து 1 இலட்சம் டிரான்ஸ்பாண்டர்களை இலவசமாகப் பொருத்தும் நோக்குடையது.

விவாதங்கள்

நகர வாடிக்கையாளர்களுக்காகப் போட்டியிடும்போது செயற்கைக்கோள் நிறுவனங்களும் ஏலத்தில் பங்கேற்க வேண்டும் என்பது கைபேசி நிறுவனங்களின் வாதம். பகிர்ந்து பயன்படுத்தக்கூடிய அலைக்கற்றையை ஏலம் விடுவது பொருந்தாது என்பது மறுதரப்பின் வாதம். ஏலத்தில் விலை கொடுக்க இயலாத, ஆனால் உயிர்காப்புத் தேவை மிகுந்த பயனர்களுக்கு இரு முறைகளிலுமே தானாகப் பங்கு கிடைப்பதில்லை. அவர்களுக்கெனத் திறனை முன்கூட்டியே ஒதுக்கிவைப்பது கொள்கை முடிவு ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

இந்திய விண்வெளி ஆய்வு மையம்
பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம்
காசிமேடு மீன்பிடித் துறைமுகம்
ஒக்கிப் புயல்