முட்டை நின்றுபோன கோழியை அறுத்துவிடாதீர்கள்!



இந்தப் பகுதியில் வழக்கமாக மனிதருக்கு வரும் நோய்களைப் பற்றித்தான் பேசுவோம். இம்முறை நம் வீட்டுக் கொல்லையில் சுற்றும் கோழியைப் பற்றிப் பேசப் போகிறோம். "சுகாதாரப் பகுதியில் கோழிக்கு என்ன வேலை?" என்று சிரிக்காதீர்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 6 கிராம் புரதச் சத்து இருக்கிறது. வளரும் பிள்ளைக்கும், வேலைக்காட்டில் வெயிலில் நின்று வரும் தாய்க்கும் அது பெரிய காரியம். அதே கோழி சீக்குப் பிடித்துக் கிடந்தால், வீட்டிலுள்ளவர்களுக்கும் நோய் வரலாம். ஆகவே கோழியின் நலம் நம் குடும்பத்தின் நலமும்தான்.

கிள்ளானை அடுத்த மேரு உங்களுக்குத் தெரியும். தோட்டங்களை ஒட்டி வீடமைப்புப் பகுதிகளும் தொழிற்சாலைகளும் எழுந்துவிட்ட ஊர். அங்கே ஒரு பாட்டி வீட்டுக்குப் போயிருந்தேன். பாட்டி இரண்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் திரும்பியவர். போகும்போது 14 கம்பத்துக் கோழிகள் இருந்தன. திரும்பி வந்தபோது 6 தான் மிச்சம். அவையும் இறகு உதிர்ந்து, கொண்டை வெளுத்து, கால் எல்லாம் செதில் தூக்கி, மூலையில் குந்திக் கிடந்தன. ஒரு முட்டை கிடையாது.

"என்ன தம்பி செய்யறது? இருக்கிற ஆறையும் அறுத்துக் குழம்பு வச்சிடலாம்னு பார்க்கிறேன். பேரப்பிள்ளையாவது தின்னட்டும்" என்றார்.

"பாட்டி, அந்தக் காரியத்தை மட்டும் செய்யாதீங்க" என்றேன். சீக்குக் கோழியைக் கையால் தொட்டு அறுப்பதிலேயே ஆபத்து இருக்கிறது. மேலும், அந்தக் கோழிகளில் பெரும்பாலானவை சீக்குக் கோழிகள் அல்ல. கவனிப்பு இல்லாமல் போன கோழிகள். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. பாட்டிக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில் பிடித்துப் பாருங்கள்

பகலில் துரத்தாதீர்கள். இருட்டிய பிறகு கோழி அசையாமல் உட்கார்ந்திருக்கும். கைவிளக்கோடு போய் மெதுவாகத் தூக்குங்கள். நெஞ்செலும்பைத் தடவிப் பாருங்கள். கத்தி முனை மாதிரி கையில் குத்தினால் கோழி பட்டினி கிடந்திருக்கிறது, அல்லது வயிற்றில் புழு இருக்கிறது. கொண்டை சிவப்பாக இல்லாமல் வெளுத்திருந்தால் இரத்தம் குறைந்துவிட்டது. ஆசனவாயைச் சுற்றி இறகை விலக்கிப் பாருங்கள். இறகின் அடியில் வெள்ளையாகக் கட்டி கட்டியாக ஒட்டியிருந்தால் அது பேன் முட்டை.

ஒன்றை மறக்காதீர்கள். வருடத்திற்கு ஒருமுறை கோழி தானாகவே இறகு உதிர்க்கும். அந்தச் சமயத்தில் முட்டையும் நின்றுபோகும். கண் தெளிவாக இருந்து, இரையும் எடுத்தால் பயப்பட வேண்டாம். புது இறகு முளைத்த பிறகு முட்டை வரும்.

கழுத்து திருகிக்கொண்டோ, வாயைத் திறந்து மூச்சுக்குத் திணறிக்கொண்டோ, பச்சையாகக் கழிந்துகொண்டோ இருக்கும் கோழியை உடனே மற்றவற்றிடமிருந்து பிரித்துவிடுங்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

தண்ணீர், பிறகு தீனி

பாட்டி வீட்டில் கோழிக்கு வைத்திருந்த தண்ணீர்ச் சட்டி பாசி பிடித்துக் கிடந்தது. முதல் வேலையாக அதைத் தேய்த்துக் கழுவினோம். ஒரு கோழி நாளொன்றுக்குக் கால் லிட்டர் அளவு தண்ணீர் குடிக்கும். வெயில் நாளில் இன்னும் கூடும். சட்டியை நிழலில் வையுங்கள். தினமும் தேய்த்துக் கழுவி மாற்றுங்கள். இதில் நமக்கும் நன்மை இருக்கிறது. நின்ற தண்ணீரில்தான் டிங்கிக் கொசு முட்டையிடுகிறது.

பட்டினி கிடந்த கோழிக்கு ஒரே நேரத்தில் வயிறு முட்டக் கொட்டாதீர்கள். முதல் இரண்டு மூன்று நாள் நொய்யும் தவிடும் தண்ணீரில் பிசைந்து, கொஞ்சம் கொஞ்சமாக நாலு வேளை கொடுங்கள். பிறகு தேங்காய்ப் பிண்ணாக்கு, சோளம், முருங்கைக் கீரை, உப்பில்லாத மீன் கழிவு என்று சேர்க்கலாம். கடையில் முட்டைக் கோழித் தீனி வாங்க வசதி இருந்தால் அதையும் கலந்து கொடுங்கள். ஆனால் குஞ்சுகளுக்கு அந்தத் தீனி ஆகாது. அதில் சுண்ணாம்புச் சத்து அதிகம். குஞ்சின் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

கெராங் ஓட்டை நொறுக்கித் தனிச் சட்டியில் வையுங்கள். முட்டை ஓட்டை வறுத்துப் பொடித்தும் வைக்கலாம். வேண்டிய கோழி வேண்டிய அளவு கொத்திக்கொள்ளும்.

கொடுக்கக்கூடாதவை எவை? கருவாடு, ஊறுகாய், உப்புக் கறி மிச்சம் ஆகாது. உப்பு கோழிக்கு விஷம். பூசணம் பூத்த பிண்ணாக்கும் ஊசிப்போன சோறும் ஆகாது. "கோழிதானே, எதையும் தின்னும்" என்பது தவறு.

பேனும் செள்ளும்

பேன் கோழியின் உடம்பிலேயே வாழும். செள்ளில் ஒரு வகை பகலில் கூட்டின் பலகை இடுக்கில் ஒளிந்துகொண்டு, இரவில் வந்து இரத்தம் குடிக்கும். ஆகவே கோழிக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டுக் கூட்டை விட்டுவிட்டால் ஒரு வாரத்தில் பழைய கதைதான். பழைய சாக்கு, வைக்கோல் எல்லாவற்றையும் எடுத்து எரித்துவிடுங்கள். கூட்டில் கொதிக்கும் தண்ணீர் ஊற்றித் தேய்த்து, வெயிலில் காயவைத்து, சுண்ணாம்பு அடியுங்கள். பக்கத்தில் காய்ந்த மணலும் அடுப்புச் சாம்பலும் கலந்து ஒரு குழியில் போட்டு, மழை படாமல் மூடி வையுங்கள். கோழி அதில் புரண்டு தானே உடம்பைச் சுத்தம் செய்துகொள்ளும்.

பேன் மருந்து வேண்டுமென்றால் கோழிக்கென்று விற்கும் தூளைக் கால்நடை இலாகாவில் கேட்டு வாங்குங்கள். பேன் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னொரு முறை போட வேண்டும்.

தோட்டத்தில் அடிக்கும் பூச்சி மருந்தில் மிச்சத்தைக் கொண்டுவந்து கோழிமேல் தெளிக்கவே தெளிக்காதீர்கள்! அது கோழியையும் கொல்லும். முட்டை வழியாக உங்கள் பிள்ளையின் வயிற்றுக்கும் போகும். மருந்து வந்த காலி டின்னில் கோழிக்குத் தண்ணீர் வைப்பதும் அப்படித்தான். எத்தனை முறை கழுவினாலும் அந்த டின் வீட்டுக்கு ஆகாது. பாராகுவாட் களைக்கொல்லி இந்நாட்டில் 2020 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டது. எங்கேயாவது பழைய புட்டி கண்ணில் பட்டால் தொடாமல் மேலாளரிடம் சொல்லுங்கள். நிரைகளில் மருந்து அடித்த நாளிலும், எலி மருந்து வைத்த சமயத்திலும் கோழியை அடைத்து வையுங்கள்.

காலில் செதில் தூக்கியிருப்பதும் ஒருவகைச் செள்ளின் வேலைதான். கண்ணுக்குத் தெரியாத செள் செதிலுக்கு அடியில் குடைகிறது. வெதுவெதுப்பான சவுக்காரத் தண்ணீரில் காலை ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் மெதுவாகத் தேய்த்து, துடைத்து, தேங்காயெண்ணெய் கெட்டியாகத் தடவுங்கள். வாரம் ஒருமுறை வீதம் பல வாரம் செய்ய வேண்டும். செதிலைப் பிய்க்காதீர்கள், இரத்தம் வரும். மண்ணெண்ணெய் தடவும் பழக்கம் நம்மிடம் உண்டு. அது தோலைப் பொசுக்கும், வேண்டாம்.

வயிற்றுப் புழுவுக்கு மருந்து இருக்கிறது. ஆனால் நமக்குக் கொடுத்த மாத்திரையைக் கோழிக்கு உடைத்துப் போடும் வைத்தியம் வேண்டாம். கால்நடை இலாகாவில் கேளுங்கள். மருந்து கொடுத்த பிறகு எத்தனை நாள் முட்டையைத் தின்னக்கூடாது என்று கேட்டுக்கொண்டு, அப்படியே நடங்கள்.

வெள்ளைக் கழிச்சல் என்னும் எமன்

பாட்டியின் 8 கோழிகள் எப்படிச் செத்தன? பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டால், சில நாய்க்கும் மரநாய்க்கும் போயிருக்கின்றன. சில, ஒரே வாரத்தில் கழிந்து, கழுத்து திருகிச் செத்திருக்கின்றன. கேட்டவுடன் என் சந்தேகம் வெள்ளைக் கழிச்சலின் மேல்தான் போனது. மலாய்க்காரர்கள் இதைச் சம்பார் என்பார்கள். 1926-ல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் முதன்முதலாக இது கண்டறியப்பட்டது. இந்தியாவில் ராணிக்கெட் என்ற மலையூரின் பெயரால் அழைக்கிறார்கள். வந்துவிட்டால் மருந்தே இல்லை. வருமுன் தடுப்பூசி போட்டால்தான் உண்டு.

நம் பக்கத்துக் கதை ஒன்று சொல்கிறேன். பெரிய பண்ணைக்குத் தடுப்பு மருந்து கொடுப்பது சுலபம். கம்பத்திலும் தோட்டத்திலும் அப்படியா? கோழி மரத்தின்மேல் தூங்கும், பிடிக்க முடியாது. மருந்தை ஐஸில் வைக்க வேண்டும், அதற்கு வசதி கிடையாது. இதற்கு வழி தேடியவர்கள் செர்டாங் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள். அன்று அது பெர்த்தானியான் பல்கலைக்கழகம். 1997 முதல் புத்ரா பல்கலைக்கழகம். அங்கிருந்த அப்துல் லத்தீஃப் இப்ராஹிம், ஐனி இடெரிஸ் ஆகியோரும், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துப் பீட்டர் ஸ்பிராட்புரோவும் 1980-களில் சேர்ந்து உழைத்தார்கள். ஆஸ்திரேலியாவில் கிடைத்த, நோய் உண்டாக்காத வி-4 என்ற கிருமியிலிருந்து சூடு தாங்கும் வகையைப் பிரித்தெடுத்து, அதைத் தீனியோடு கலந்து கோழிக்குப் போட்டுச் சோதித்தார்கள். கோழி தீனியைத் தின்றாலே தடுப்பு மருந்தும் உள்ளே போய்விடும்! ஏழை வீட்டுக் கோழிக்காக நம் சிலாங்கூரில் நடந்த பெரிய வேலை அது. பிற நாட்டுக் கிராமங்களும் அந்த வழியைச் சோதித்துப் பார்த்தன.

இப்போது உங்கள் வட்டாரத்தில் எந்த மருந்து கிடைக்கிறது, எப்போது போட வேண்டும் என்று கால்நடை இலாகாவில் விசாரியுங்கள். நாலைந்து வீடாகச் சேர்ந்து போனால் ஒரு புட்டி எல்லாருக்கும் போதும். மெலிந்து கிடக்கும் கோழிக்கு முதலில் தீனி கொடுத்துத் தேற்றுங்கள். தேறிய கோழிக்குத்தான் தடுப்பு மருந்து நன்றாகப் பிடிக்கும். புதிதாக வாங்கிய கோழியை இரண்டு வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு விடுங்கள்.

நம் உடம்பையும் பார்த்துக்கொள்வோம்

பறவைக் காய்ச்சலை மறந்துவிடக்கூடாது. 2004-ல் கிளந்தானிலும், 2006-ல் கோலாலம்பூர் செத்தாப்பாக் பக்கத்திலும், 2007-ல் நம் சிலாங்கூரின் சுங்கை பூலோவிலும் கோழிகளிடையே வந்தது. வேறு நாடுகளில் மனித உயிர்களையும் அது வாங்கியிருக்கிறது. ஆகவே கோழிகள் திடீரென்று அடுத்தடுத்துச் செத்தால் அறுக்காதீர்கள், விற்காதீர்கள், லோங்கானில் வீசாதீர்கள். பிள்ளைகளைக் கிட்டே விடாமல் உடனே கால்நடை இலாகாவுக்குச் சொல்லுங்கள். "சொன்னால் எல்லாக் கோழியையும் கொன்றுவிடுவார்களே" என்று மறைப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பயம் புரிகிறது. ஆனால் கோழி போனால் இன்னொரு கோழி வாங்கலாம், பிள்ளை போனால் என்ன செய்வோம்?

கோழியைத் தொட்ட கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். கூடு கூட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். கோழியைச் சமையல்கட்டில் அடைக்காதீர்கள். முட்டையை நன்றாக வேகவைத்துக் கொடுங்கள். கூட்டைத் தரையிலிருந்து 2 அடி உயர்த்தி, ஒரு கோழிக்கு 3, 4 சதுர அடி இடம் விட்டு, மேலே தகரமோ அத்தாப்போ போடுங்கள். தாமான் வீட்டில் இருப்பவர்கள் கோழி வளர்க்க அனுமதி உண்டா என்று மாநகராண்மைக் கழகத்தில் முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.

பாட்டியின் 6 கோழிகளில் ஒன்று தேறவில்லை, செத்துப்போனது. கையில் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு எடுத்து, ஆழக் குழி வெட்டி, சுண்ணாம்பு போட்டுப் புதைத்தோம். மற்ற 5 கோழிகளுக்கு நாலாவது வாரத்தில் கொண்டை சிவக்க ஆரம்பித்தது. ஆறாவது வாரம் பாட்டி சேதி அனுப்பினார்: "தம்பி, சாம்பல் கோழி முட்டை போட்டுடுச்சி. அவிச்சிப் பேரனுக்குக் கொடுத்திட்டேன்."

பெரிய செலவு ஒன்றும் ஆகவில்லை. தேய்த்த சட்டி, சுண்ணாம்பு, தேங்காயெண்ணெய், கொஞ்சம் நொய், தினமும் கால் மணி நேரம். அவ்வளவுதான்! இன்று இரவே கைவிளக்கை எடுத்துக்கொண்டு உங்கள் கூட்டுப் பக்கம் போய்ப் பாருங்கள்.