டிராக்டரில் சிறந்தது எது?

பாலாகவே ஆலைக்கு அனுப்பும் ஜொகூர்த் தோட்டங்களில், டிராக்டர் பாதி வழியில் நின்றுவிட்டால் நட்டம் சிறிதன்று. வெயில் ஏற ஏறத் தொட்டியிலுள்ள பால் உறையத் தொடங்கும். உறைந்தால் அதற்குக் கட்டிப்பால் விலைதான். ஆகவே, டீசல் சிக்கனத்திற்கும் முன்னதாக நாம் கேட்க வேண்டியது, பழுதுபட்டால் உதிரிப்பாகம் அன்றைக்கே குளுவாங்கிலோ சிகாமட்டிலோ கிடைக்குமா என்பதேயாகும்.

1960களின் நடுவில் வெளிவந்த மாஸி பெர்குசன் 135, போர்டு 3000 ஆகிய இரண்டையும் எடுத்துக்கொள்வோம். இரண்டும் மூன்று சிலிண்டர் டீசல் இயந்திரம் கொண்டவை. ஆற்றலும் ஏறத்தாழ 45 குதிரைத்திறனே. முன்னதில் பொருத்தப்பெற்ற பெர்கின்ஸ் இயந்திரம் வேறு பல வண்டிகளிலும் பயன்பட்டமையால், அதனைப் பழுது பார்க்க அறிந்தோர் பலர் உளர். இஃது எளிய நன்மையன்று.

டீசல் சிக்கனத்தைப் பெயரைக் கொண்டு முடிவு செய்தல் கூடாது. அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919-இல் சட்டம் இயற்றி, 1920 முதல் டிராக்டர்களைச் சோதித்து வருகிறது. அங்கே, மணிக்கு எவ்வளவு எண்ணெய் செலவாயிற்று என்பதோடு, அதற்கு எவ்வளவு வேலை நடந்தது என்பதையும் கணக்கிடுகின்றனர். நாமும் அவ்வாறு செய்யலாம். காலையில் சமதரையில் வண்டியை நிறுத்தி எண்ணெய்த் தொட்டியை நிரப்புக. மாலையில் மீண்டும் நிரப்பப் பிடிக்கும் லிட்டரை, அன்று ஓடிய நடைகளால் வகுத்திடுக. பாதையும் பாரமும் ஒன்றாயிருத்தல் வேண்டும்.

கரும்புகை கண்டதும் வண்டியின் பெயரைப் பழிப்போர் உளர். அவர்கள் முதலில் காற்று வடிகட்டியைத் திறந்து, அதிற்படிந்த செம்மண் தூசியைப் பார்க்கட்டும்.