ஆய்வுத் தலைப்பும் காணாமல் போன 25 எழுத்துகளும்

அக்கா மகள் எம்.எஸ்சி பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் கடைசி வருடம். ஆறு மாத ப்ராஜெக்ட் செய்து தீசிஸ் கொடுக்க வேண்டும். போன வாரம் போன் பண்ணினாள். "மாமா, இதய நோயும் ஜீனும்னு எடுக்கலாம்னு இருக்கேன். கூட கொஞ்சம் மெஷின் லேர்னிங். ஓகேதானே?"

"அது தலைப்பு இல்லம்மா, அது ஒரு டிபார்ட்மெண்ட்" என்றேன். கோபித்துக்கொண்டாள். அவளைச் சமாதானப்படுத்தச் சொன்ன கதையைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். கதையில் பாதி மதுரையில் நடந்தது.

இதயத் தசைக்குத் தேவையான ஒரு புரதத்தைச் செய்யும் ஜீனின் பெயர் எம்ஒய்பிபிசி3. 11-வது குரோமோசோமில் இருக்கிறது, நீளம் சுமார் 21,000 எழுத்து. பெரும்பாலான ஜீன்களைப் போல இதிலும் புரதத்துக்கான குறிப்பு துண்டு துண்டாகத்தான் இருக்கும். அந்தத் துண்டுகள் எக்ஸான், நடுவில் வெட்டி எறியப்படும் பகுதி இன்ட்ரான். 2003-ல் இந்தியக் குடும்பங்களில் இந்த ஜீனின் 32-வது இன்ட்ரானில் 25 எழுத்துகள் காணாமல் போயிருப்பதைப் பார்த்தார்கள்.

இரண்டு மூன்று குடும்பத்தில் பார்த்ததை வைத்து என்ன சொல்ல முடியும்? 2009-ல் நேச்சர் ஜெனடிக்ஸ் இதழில் ஒரு கட்டுரை வந்தது. முதல் ஆசிரியர் தண்டபாணி, அப்போது மதுரை காமராஜர் பல்கலைக்கழகத்தில் இருந்தவர். ஹைதராபாத் சிசிஎம்பி-யின் தங்கராஜ் வழிநடத்திய வேலை. 800 நோயாளிகள், 699 நோயில்லாதவர்கள். இந்த 25 எழுத்து இல்லாதவர்களுக்கு இதயத்தசை நோய் வரும் ஆபத்து ஏறக்குறைய 7 மடங்கு என்று கணக்கு வந்தது. நம் துணைக்கண்டத்தில் 100 பேரில் சுமார் 4 பேருக்கு இந்தக் குறை இருக்கிறது என்றும் சொன்னார்கள். பல கோடிப் பேர். பேப்பரில் எல்லாம் பெரிதாக வந்தது.

இதில் கவனிக்க வேண்டியது, கேள்வி எவ்வளவு சின்னது என்பது. "இதய நோயும் ஜீனும்" இல்லை. ஒரு ஜீன், அதில் ஓர் இடம், அது நோயாளிகளிடம் அதிகமாக இருக்கிறதா இல்லையா. ஆமாம் அல்லது இல்லை என்று பதில் வரக்கூடிய கேள்வி.

ஆனால் ஒரு உறுத்தல் இருந்தது. 100-க்கு 4 பேரிடம் இருப்பது, 7 மடங்கு ஆபத்து என்றால், அந்த 4 பேரில் பெரும்பாலோர் ஏன் நன்றாகவே இருக்கிறார்கள்? 2009 கட்டுரையிலும் பங்கேற்ற சக்திவேல் சடையப்பனின் குழு 2018-ல் ஒரு துப்பு கொடுத்தது. அமெரிக்கவாழ் தெற்காசியர்களிடம் பார்த்தபோது, 25 எழுத்து குறைந்தவர்களில் சுமார் பத்தில் ஒருவரிடம் அதே ஜீனில் இன்னொரு மாற்றமும் சேர்ந்து இருந்தது. 2020-ல் வேறொரு குழு 5,393 நோயாளிகளின் தரவை எடுத்து அலசியது. அதே ஜீனில், வேறொரு இன்ட்ரானில், எக்ஸானுக்கு 52 எழுத்து முன்னால் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்தது. ஜி இருக்க வேண்டிய இடத்தில் ஏ. 25 எழுத்து குறைந்தவர்களில் மிகச் சிலரிடம் மட்டும்தான் இதுவும் இருந்தது. அந்தச் சிலரை வைத்தே அந்த 7 மடங்கு ஆபத்தை விளக்கிவிட முடிந்தது.

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் பிக்பாக்கெட் நடக்கும் நாளில் எல்லாம் ஒரு குறிப்பிட்ட தேனி பஸ் வந்து நிற்கிறது என்று வையுங்கள். பஸ் நம்பரை மட்டும் குறித்து வைத்தவருக்கு பஸ் மேல்தான் சந்தேகம் வரும். அவர் பார்த்த தொடர்பு உண்மை. கணக்கும் உண்மை. ஆனால் திருடன் அந்த பஸ்ஸில் எப்போதாவது ஏறி வருபவன். மற்ற நாளில் அது வெறும் தேனி பஸ். ஒரே ஜீனில் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால் இரண்டு மாற்றமும் ஒரே பொட்டலமாகப் பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்கின்றன, அவ்வளவுதான்.

ஏன் இத்தனை வருஷம் தெரியவில்லை? தீசிஸ் திட்டமிடுபவர்கள் இங்கேதான் நிற்க வேண்டும். செலவைக் குறைக்க நிறைய ஆய்வுகள் எக்ஸோம், அதாவது எக்ஸான்களையும் அவற்றின் ஓரத்தையும் மட்டும் படிக்கும். 25 எழுத்துக் குறை எக்ஸானிலிருந்து 17 முதல் 41 எழுத்து தூரத்தில் இருக்கிறது. மற்றது 52-ல். வழக்கமான எக்ஸோம் பரிசோதனையும் ஜீன் பேனலும் பெரும்பாலும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. தரவில் பதில் இருக்கும் இடமே இல்லை என்றால், எந்த மெஷின் லேர்னிங்கும் அதைக் கண்டுபிடித்துத் தராது.

அதனால் மருமகளிடம் சொன்னது: முதலில் தரவைப் பார், தலைப்பு பிறகு. 1000 ஜீனோம்ஸ் தொகுப்பு இலவசம். 2,504 பேரின் முழு ஜீனோம், அதில் தெற்காசியர் 489. பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர் மட்டும் 102. முழுவதையும் இறக்க வேண்டாம், டேபிக்ஸ் வைத்து இந்த ஒரு ஜீனை மட்டும் வெட்டி எடுத்தால் சாதாரண லேப்டாப்பே போதும். கேள்வி இப்படி இருக்கலாம்: தெற்காசியர்களில் 25 எழுத்துக் குறை எந்தெந்தப் பொட்டலங்களில் வருகிறது, அந்த 52-வது எழுத்து மாற்றம் அவற்றில் எதிலாவது இருக்கிறதா?

நோய் பற்றி இதில் ஒரு வார்த்தை எழுத முடியாது. அந்தத் தொகுப்பில் யாருக்கு என்ன நோய் என்ற விவரமே கிடையாது. எண்ணிக்கையும் முன்பே போட்டுப் பார்க்கலாம். 100-க்கு 4 முதல் 8 என்றால் 489 பேரில் 20 முதல் 39 பேர் தேறுவார்கள். இரண்டாவது மாற்றம் ஒருவரிடம்கூட இல்லாமல் போகலாம். "அப்ப தீசிஸ் காலியா மாமா?" என்றாள். இல்லை. பூஜ்யம் வந்தால் என்ன எழுதுவாய் என்று முதல் மாதமே ஒரு பத்தி எழுதி வைத்துக்கொள். அந்தப் பத்தியை எழுத முடியவில்லை என்றால் தலைப்பை மாற்று.

இன்னொன்று, என் சொந்த அசட்டுத்தனம். ஜீனோமின் முகவரிகளுக்கு இரண்டு பதிப்புகள் புழக்கத்தில் உண்டு, 37 மற்றும் 38. ஒன்றின் முகவரியை மற்றதில் தேடி, "யாரிடமும் இல்லை" என்று இரண்டு வாரம் மகிழ்ந்திருக்கிறேன். அதோடு, ஒரே குறையை வெவ்வேறு மென்பொருள்கள் வெவ்வேறு இடத்தில் தொடங்குவதாக எழுதும். ஒப்பிடும் முன் பிசிஎஃப்டூல்ஸில் நார்மலைஸ் பண்ணியாக வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரு வாரம் தனியாக ஒதுக்கச் சொன்னேன்.

ஜீனோம் இந்தியா தரவையும் கேட்டாள். சுமார் 10,000 பேர், நம் நாட்டிலேயே எடுத்தது, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்தார்கள். ஆனால் முன்மொழிவு எழுதி அனுமதி வாங்க வேண்டும். அனுமதி எப்போது வரும் என்று தெரியாத தரவை நம்பி ஆறு மாத வேலையை ஆரம்பிக்க வேண்டாம் என்றேன். விண்ணப்பத்தை மட்டும் இப்போதே கைடிடம் பேசி எழுதிப் போடச் சொல்லியிருக்கிறேன், பிஎச்.டி-க்கு ஆகும்.