டாக்டர் படிப்புக்கு மைண்ட் மேப்

மருத்துவம் படிக்கும் பிள்ளைக்காகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில் அது பெரும்பாலும் பி.டி.எப். பைல்களைத் திறந்து படிக்கத்தான் பயன்படுகிறது. அதைவிட நல்ல வேலை ஒன்று இருக்கிறது. அதுதான் மைண்ட் மேப்.

நடுவில் ஒரு தலைப்பு, அதிலிருந்து கிளைகள், கிளைகளில் ஓரிரு சொற்கள் மட்டும். இவ்வளவுதான் மைண்ட் மேப். 1974-ல் பி.பி.சி. தொலைக்காட்சித் தொடர் மூலம் டோனி பூசான் இதைப் பிரபலமாக்கினார். காகிதத்திலேயே வரையலாம் என்றாலும் கம்ப்யூட்டரில் ஒரு தனி வசதி உண்டு.

எங்கள் இரும்பையிலிருந்து புதுச்சேரிக்குப் பஸ்ஸில் போய் மருத்துவம் படிக்கும் பக்கத்து வீட்டுப் பெண், பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். "படிக்கும்போது புரியுதுண்ணா. ஒரு வாரம் கழிச்சு வைவாவில கேட்டா எதுவும் நிக்கல" என்றாள். அவளுக்கு ஃப்ரீபிளேன் என்ற இலவச மென்பொருளைக் காட்டினேன்.

புதிய மேப்பைத் திறந்து, நடுவில் 'இரத்தசோகை' என்று டைப் செய்யுங்கள். டேப் கீயை அழுத்தினால் கிளை வரும். என்டர் தட்டினால் அதன் பக்கத்தில் இன்னொன்று. இரத்த இழப்பு, உற்பத்திக் குறைவு, சிவப்பணு அழிவு என மூன்று கிளைகள் போடுங்கள். உற்பத்திக் குறைவின் கீழ் இரும்புச்சத்து, பி12, ஃபோலேட். அழிவின் கீழ் தலசீமியா, மலேரியா. கொக்கிப்புழுவை எங்கே வைப்பது? அது குடலில் இரத்தத்தை உறிஞ்சுவதால் இரத்த இழப்பில் வரும். அந்த இழப்பே பிறகு இரும்புச்சத்துக் குறைவாகிறது. இரண்டு கிளைகளையும் அம்புக்குறியால் இணைத்து விடுங்கள்.

இந்த அம்புக்குறிதான் முக்கியம். புழு நுண்ணுயிரியல் புத்தகத்தில் இருக்கும், இரத்த அணுக்களின் மாற்றம் நோய்க்குறியியலில், இரும்பு மாத்திரை மருந்தியலில். நோயாளியோ ஒருவர்தான். 2019-ல் இந்தியாவில் வந்த எம்.பி.பி.எஸ். பாடத்திட்டமும் பாடங்களை இணைத்துக் கற்பிக்கவே சொல்கிறது.

இப்போது தனி வசதிக்கு வருவோம். ஒரு கிளையில் நின்று ஸ்பேஸ் பாரைத் தட்டினால் உட்கிளைகள் மடங்கிவிடும். உள்ளே இருப்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டு மறுபடி தட்டுங்கள். விட்டுப்போனது எது என்று உடனே தெரியும்.

மேப் வரைந்தாலே மார்க் வந்துவிடாது. லண்டனில் 50 மருத்துவ மாணவர்களிடம் நடந்து 2002-ல் வெளியான ஆய்வில், ஒரு வாரம் கழித்து மைண்ட் மேப் போட்டவர்கள் சற்றுக் கூடுதலாக நினைவில் வைத்திருந்தனர். ஆனால் அந்த முறையில் அவர்களுக்கு ஆர்வம் குறைவாகவே இருந்தது. அமெரிக்காவில் 131 முதலாண்டு மாணவர்களை வைத்து நடந்த 2010-ஆம் ஆண்டு ஆய்விலோ, சாதாரணக் குறிப்பெடுத்தவர்களுக்கும் இவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசமே இல்லை. வரைவதைவிட, மடக்கி வைத்து நினைவுபடுத்திப் பார்ப்பதில்தான் பலன் என்பது என் கருத்து. கலர், ஐகான் என்று அலங்கரிக்க உட்கார்ந்தால் ஒரு மாலை நேரம் போயே போய்விடும் (அழகான மேப்தான், ஆனால் பரீட்சை மறுநாள்!).

கிளைக்கு மூன்று நான்கு சொற்களுக்கு மேல் வேண்டாம். புத்தகத்தின் பத்தியை அப்படியே காப்பி செய்து ஒட்டவும் வேண்டாம். மேப் பெரிதானால் இரும்புச்சத்துக் குறைவுக்கு மட்டும் தனி மேப் போட்டுக்கொள்ளுங்கள். பைல் மெனுவில் எக்ஸ்போர்ட் கொடுத்துப் பி.டி.எப். ஆக்கினால் பிரின்ட் எடுத்து பஸ்ஸிலும் பார்க்கலாம்.