நாலு சக்கரமும் ஒரு வழியும்

மோட்டார் வண்டி வாங்குகிறவர்கள் அதன் இயந்திரத்தைப் பற்றி விசாரிப்பார்கள். வர்ணத்தைப் பற்றி வீட்டாருடன் விவாதிப்பார்கள். ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு எத்தனை தூரம் ஓடும் என்று கணக்குப் பார்ப்பார்கள். சக்கரத்தைப் பற்றி யோசிப்பவர் மிகச் சிலரே. உருண்டையான சாமான் உருளுகிறது. அதில் அறிந்துகொள்ள என்ன இருக்கிறது என்பது பொது அபிப்பிராயம். ஆனால் சாலையைத் தொடுவது அந்த நாலு டயர்கள்தாமே? ஒவ்வொன்றும் சாலையைத் தொடும் இடம் ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவுதான். வண்டி திரும்புவதும் நிற்பதும் அந்த நாலு உள்ளங்கைகளின் பிடிப்பைப் பொறுத்தவை.

முதலில், வண்டி எப்படித் திரும்புகிறது என்று பார்ப்போம். இதிலுள்ள சங்கடம் தேரோட்டம் பார்த்தவர்களுக்குத் தெரியும். நேர் வீதியில் கம்பீரமாக அசைந்து வரும் தேர், வீதி முனைக்கு வந்ததும் தயங்கி நிற்கிறது. அதன் சக்கரங்கள் இடம் வலமாகத் திரும்பக்கூடியவை அல்ல. ஆகவே, முட்டுக்கட்டை போட்டுச் சிறிது சிறிதாகத் தேய்த்தே அதைத் திருப்ப வேண்டியிருக்கிறது.

ஐரோப்பாவில் குதிரை வண்டி செய்தவர்கள் வேறோர் உபாயம் கண்டார்கள். முன் அச்சை நடுவில் ஓர் ஆணியில் பொருத்தி, அச்சு முழுவதும் திரும்பும்படி அமைத்தார்கள். வண்டி திரும்பியது, ஆனால் அச்சு குறுக்கே திரும்பியபோது ஊன்றும் இடம் குறுகி, வண்டி கவிழவும் இடமுண்டாயிற்று. சுமார் 1817-இல் மியூனிச் நகரத்து வண்டித் தொழிலாளர் கியோர்க் லாங்கென்ஸ்பெர்கர் இதற்கு மாற்று கண்டார். அச்சு அசையாமல் இருக்க, இரண்டு முனைகளிலுமுள்ள சக்கரங்கள் மட்டும் தத்தம் முளையில் திரும்பும்படி செய்தார். அவருடைய பிரதிநிதியாக லண்டனில் 1818-இல் உரிமை பதிவு செய்தவர் ருடால்ஃப் ஆக்கர்மன். கண்டுபிடித்தவர் ஒருவர், பெயர் நிலைத்ததோ மற்றவருக்கு! இன்றும் அதை ஆக்கர்மன் முறை என்றே சொல்கிறார்கள். கார்ல் பென்ஸ் 1886-இல் உரிமை பெற்ற மோட்டார் வண்டிக்கு மூன்றே சக்கரம். முன்னால் ஒரே சக்கரமானால் இந்தத் தொல்லை இல்லை அல்லவா? இரண்டு முன் சக்கரங்களையும் தனித்தனி முளையில் திருப்பும் அமைப்புக்கு அவர் 1893-இல்தான் உரிமை பெற்றார்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வண்டி வளையும்போது உட்புறச் சக்கரம் சிறிய வட்டத்திலும் வெளிப்புறச் சக்கரம் பெரிய வட்டத்திலும் செல்கின்றன. ஆகையால் இரண்டும் ஒரே அளவு திரும்பலாகாது. அச்சுகளுக்கிடையே இரண்டரை மீட்டர் நீளமும், சக்கரங்களுக்கிடையே ஒன்றரை மீட்டர் அகலமும் உள்ள ஒரு வண்டி, ஐந்து மீட்டர் ஆரத்தில் வளைகிறது என்று கொள்வோம். உட்புறச் சக்கரம் சுமார் 30 டிகிரி திரும்பினால், வெளிப்புறச் சக்கரம் சுமார் 23 டிகிரிதான் திரும்ப வேண்டும். ஓட்டுகிறவர் கணக்கா போடுகிறார்? சக்கரங்களை இணைக்கும் கம்பிகளின் சாய்வே அந்தக் கணக்கை ஏறக்குறையச் சரியாகப் போட்டுவிடுகிறது.

அடுத்தது வில். மேட்டில் ஏறும் சக்கரம் உயரும்போது வில் சுருங்கி அதிர்ச்சியை வாங்கிக்கொள்கிறது. ஆனால் வில் மட்டும் இருந்தால் வண்டி ஊஞ்சல்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அதை அடக்குவது 'ஷாக் அப்சார்பர்' என்னும் குழாய். அதனுள் இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்கள் வழியே நெருக்கி ஓடும்போது ஆட்டத்தின் சக்தி உஷ்ணமாக மாறித் தணிகிறது. இது நம் முதுகின் சுகத்துக்காக மட்டுமன்று. குதிக்கும் சக்கரத்துக்குப் பிடிப்பு ஏது? பிடிப்பில்லாத சக்கரத்துக்கு பிரேக் போட்டு என்ன பயன்?

இனி, சக்கரங்கள் நிற்கும் நிலை. மேலிருந்து பார்த்தால் அவை உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது ஒன்று. முன்னிருந்து பார்த்தால் சாய்ந்திருப்பது இரண்டு. திரும்பும் முளை பின்புறம் சாய்ந்திருப்பது மூன்று. சைக்கிளின் முன் கவை சாய்வாக இருப்பதை எல்லாரும் பார்த்திருப்போம். மோட்டாரிலும் அத்தகைய சாய்வினால்தான், வளைவு முடிந்ததும் ஸ்டியரிங் தானே நேராகத் திரும்பி வருகிறது.

இந்த அளவுகளைச் சரிபார்ப்பதே 'வீல் அலைன்மென்ட்'. சிறு பிசகுதானே என்று அலட்சியம் செய்யலாகாது. ஒரு சக்கரம் செல்லும் திசையிலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகி நின்றால், வண்டி ஒரு கிலோமீட்டர் போவதற்குள் அந்த டயர் சுமார் 17 மீட்டர் பக்கவாட்டில் தேய்க்கப்படுகிறது. சாணைக் கல்லில் வைத்ததுபோல் ரப்பர் கரைவதில் ஆச்சரியமென்ன?

இப்பிசகு வாய்விட்டுச் சொல்லாது. ஆனால் ஜாடை காட்டும். நேர் சாலையில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். நேராகப் போகும்போதே ஸ்டியரிங் கோணலாக இருக்கும். டயரின் ஓர் ஓரம் மட்டும் வழுவழுப்பாகும். வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது பெரும்பாலும் வேறு வியாதி. சக்கரத்தின் எடை சுற்றிலும் சமமாக இல்லாததன் அடையாளம் அது. பெரிய பள்ளத்தில் வண்டி விழுந்து எழுந்தாலும், புது டயர் போட்டாலும் தொழில் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபார்ப்பது நலம்.

ஓர் ஓரம் தேய்ந்த டயர் மழைக் காலத்தில் தண்ணீரை விலக்கும் சக்தியை இழந்துவிடும். அதை அறியாமல், குழந்தை குட்டிகளுடன் நெடுஞ்சாலையில் விரைகிறவர் எத்தனை பேர்! பயணம் புறப்படுமுன் தின்பண்டமும் தண்ணீரும் எடுத்தாயிற்றா என்று பார்க்கிறோம். அத்துடன் ஒரு நிமிஷம் குனிந்து நாலு டயர்களின் இரண்டு ஓரங்களையும் பார்ப்பது எவ்வளவோ மேல். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.