உங்களுக்குத் தெரியுமா? செங்கல்லே இல்லாமல் ஒரு செங்கல் சுவர்!

உங்கள் ஹாலில் 10 அடிக்கு 10 அடி ஒரு சுவர் இருக்கிறதா? அதை நிஜச் செங்கல்லில் நாலரை அங்குலச் சுவராகக் கட்டினால் எடை ஏறக்குறைய 2 டன்! அதே தோற்றத்தைத் தரும் ஃபோம் ஸ்டிக்கர் ஷீட் 18 போதும். 70 செ.மீ.க்கு 77 செ.மீ. அளவு. மொத்தக் கட்டையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒரே ஆள் மாடி ஏறிவிடலாம்!

ஷீட்டே வேண்டாமா? மாஸ்கிங் டேப்பும் டெக்ஸ்ச்சர் புட்டியும் வாங்குங்கள். நீங்களே செங்கல் ‘வார்க்கலாம்’!

அந்த மாஸ்கிங் டேப்பைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு பாஞ்சோ வாசித்துக்கொண்டிருந்த அமெரிக்க இளைஞர் ரிச்சர்ட் ட்ரூ! இரட்டை வண்ணக் காருக்குப் பெயிண்ட் அடிப்பவர்கள் படும் பாட்டைப் பார்த்துப் பொறுக்காமல் செய்தார். ஆண்டு 1925. ஐந்தே வருடத்தில் ஒட்டுப் போடும் செல்லோ டேப்பும் அவர் கைவண்ணம்தான்!

சரி, வேலைக்கு வருவோம். இது எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை! முதலில் சுவர் முழுக்கச் சிமெண்ட் சாம்பல் நிறம் அடியுங்கள். காய்ந்ததும் அரை அங்குல டேப்பைப் படுக்கை வசமாக வரி வரியாக ஒட்டுங்கள். முதல் வரிக்கு ரசமட்டம் கட்டாயம்! அது கோணினால் மேலே உள்ள எல்லா வரியும் கோணும். பிறகு நிற்கும் துண்டுகள். ஒரு வரியின் ஜாயிண்ட், அடுத்த வரிச் செங்கல்லின் நட்டநடுவில் விழ வேண்டும். கொத்தனார் கட்டுகிற அதே கணக்கு!

டேப்புக்கு மேலேயே புட்டியை 3 மி.மீ. கனத்துக்கு இழுத்துவிடுங்கள். சாதா வால் புட்டி வேண்டாம், அவ்வளவு கனத்துக்கு ஏறினால் வெடித்துவிடும். ஈரம் காயும் முன்பே படுக்கை டேப்பின் நுனியைப் பிடித்து உருவுங்கள். நிற்கும் துண்டுகளும் அதோடு சேர்ந்தே வந்துவிடும்! உருவ உருவ, அடியில் இருந்த சாம்பல் நிறம் எட்டிப் பார்க்கும். செங்கல் ஒவ்வொன்றாக எழுந்து நிற்கும். ஓரங்களில் லேசாகப் பிசிறடிக்கும். துடைத்துவிடாதீர்கள்! சூளைச் செங்கல்லின் மூளி விளிம்பு அப்படித்தான் இருக்கும்!

10க்கு 10 சுவரில் இப்படி எத்தனை செங்கல் பிறக்கும்? 9 அங்குல நீளம், 3 அங்குல உயரம், அரை அங்குல ஜாயிண்ட். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 433! ஒட்டும் டேப்பின் மொத்த நீளம்? சுமார் 450 அடி! 20 மீட்டர் ரோலில் 7 வாங்கி வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுங்கள்.

ஒரே சிவப்பை அடித்தால் மாட்டிக்கொள்வீர்கள்! நிஜச் சூளையில் எந்த இரண்டு செங்கல்லும் ஒரே நிறத்தில் வேகாது. நெருப்புக்கு அருகில் இருந்தது கருஞ்சிவப்பு. தள்ளி இருந்தது வெளிறிய காவி. மூன்று தட்டில் மூன்று சாயல். ஒரு ஸ்பாஞ்சு. அங்கொன்றும் இங்கொன்றுமாக ஒற்றுங்கள். வீட்டுக்கு வருகிறவர் கட்டாயம் சுவரைத் தட்டிப் பார்ப்பார்!

அமெரிக்காவின் முதல் ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டனே போலிச் சுவர்க்காரர்! மவுண்ட் வெர்னானில் அவருடைய மாளிகை பார்வைக்குக் கல் கட்டடம். தொட்டால் மரப்பலகை! பலகையைக் கல் வடிவில் சீவி, பெயிண்ட் ஈரமாக இருக்கும்போதே அதன் மேல் மணலை வாரி இறைத்தார்கள். அந்த மணல் வித்தை இன்றைக்கும் பலிக்கும். உங்கள் செங்கல் பெயிண்டில் ஒரு கைப்பிடி சலித்த மணலைக் கலந்து பாருங்கள்!

இங்கிலாந்தின் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனை. எட்டாம் ஹென்றி வாழ்ந்த இடம். நிஜச் செங்கல்தான். ஆனால் அதன் மேலேயே காவி பூசி, ஜாயிண்ட் கோட்டையும் தூரிகையால் வரைந்தார்கள். நிஜச் செங்கல்லுக்கு மேல் போலிச் செங்கல்!

வெனிஸ் நகரத்தில் அதற்கும் முன்பே ஆரம்பம். செங்கல் சுவர், அதன் மேல் பூச்சு, பூச்சின் மேல் மறுபடி செங்கல் ஓவியம். மூன்று அடுக்கு!

நம் மெட்ராஸ் இதை அப்படியே தலைகீழாகச் செய்தது! பழைய தோட்ட பங்களாக்களின் பளபள தூண்களைப் பார்த்து வெள்ளைக்காரர்களே பளிங்கு என்று மயங்கினார்கள். உள்ளே இருந்தது வெறும் செங்கல்! மேலே கிளிஞ்சல் சுண்ணாம்பு. செட்டிநாட்டு வீடுகளில் அந்தச் சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கரு, கடுக்காய், கருப்பட்டி. தாத்தாக்கள் செங்கல்லை மறைக்கப் பாடுபட்டார்கள். பேரன்கள் அதே பூச்சின் மேல் செங்கல் ஒட்டுகிறோம்!

செங்கல்லுக்கு வரி போட்ட நாடு உண்டு! பிரிட்டன். 1784 முதல் 1850 வரை, 66 வருடம்! ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று வரி. ஜோசப் வில்க்ஸ் என்ற கில்லாடி என்ன செய்தார்? ஒரு கல்லை இரண்டு கல் அளவுக்கு அறுத்தார். வரி பாதி!

அதே நாட்டில் பிரைட்டன் கடற்கரையில் ராயல் கிரசென்ட் என்று ஒரு வரிசை வீடுகள். கட்டத் தொடங்கியது 1798இல். கறுப்புச் செங்கல் பளபளக்கும். கிட்டே போனால் அத்தனையும் ஓடு! செங்கல் முகம் மாதிரி வார்த்து, பளபளப்பேற்றி, ஒன்றின் மேல் ஒன்றாகத் தொங்கவிட்ட ஓடு. ஒன்றல்ல இரண்டல்ல, 14 வீடுகள்!

புடைப்பு டிசைன் உள்ள சுவர்த்தாள் புதிய சரக்கு என்று நினைத்தீர்களா? லின்க்ரஸ்டா வந்தது 1877இல்! செய்தவர் பிரடெரிக் வால்டன். தரையில் விரிக்கும் லினோலியத்தைக் கண்டுபிடித்தவரும் இதே ஆள்தான். தரைக்கும் சுவருக்கும் ஒரே மூலப்பொருள், ஆளி விதை எண்ணெய்!

அமெரிக்காவின் பால்டிமோரில் நடந்தது இன்னும் வேடிக்கை. நல்ல செங்கல் வீடுகளின் மேல் சிமெண்டைப் பூசி, கருங்கல் போலக் கீறி, வண்ணம் தீட்டினார்கள். பெயர் ஃபார்ம்ஸ்டோன். காப்புரிமை 1937. தெருத்தெருவாகப் பரவியது. இப்போது? அதை உடைத்து எடுத்து உள்ளே இருக்கும் செங்கல்லைக் காட்டுகிறார்கள்!

ஸ்டாண்ட்-அப் காமெடி என்றாலே பின்னால் செங்கல் சுவர். ஏன்? 1963இல் நியூயார்க்கில் பட் ஃப்ரீட்மன் ‘இம்ப்ராவ்’ காமெடி கிளப்பைத் திறந்தார். சுவரை மூடப் பணமில்லை. செங்கல்லை அப்படியே விட்டுவிட்டார்! இன்றைக்கு உலகம் முழுக்க மேடைக்காரர்கள் காசு கொடுத்துப் போலிச் செங்கல் ஒட்டுகிறார்கள்!

‘நாயகன்’ படத்துத் தாராவியின் பெரும்பகுதி மும்பையில் இல்லை. சென்னை வீனஸ் ஸ்டூடியோவில் கலை இயக்குநர் தோட்டா தரணி போட்ட செட்! தேசிய விருதே கிடைத்தது!

ஃபுளோரிடா டிஸ்னி வேர்ல்டின் சிண்ட்ரெல்லா கோட்டை. உயரம் 189 அடி. அதில் உள்ள செங்கற்களின் எண்ணிக்கை? பூஜ்யம்! எல்லாம் கான்கிரீட், இரும்பு, ஃபைபர் கிளாஸ். கலிபோர்னியாவில் உள்ள டிஸ்னியின் மூத்த கோட்டையோ வெறும் 77 அடிதான். ஆனால் மலை போலத் தெரியும். அடியில் பெரிய கல், மேலே போகப் போகச் சின்னக் கல். கண்ணை ஏமாற்றும் அளவுக் கணக்கு!

மறுபடி நம் சுவருக்கு வருவோம். அவசரமாக ஃபோம் ஷீட்டின் தாளை உரிக்கப் போகிறீர்களா? நில்லுங்கள்! உள்ளங்கையால் சுவரைத் தேயுங்கள். வெள்ளைப் பொடி ஒட்டினால் ஷீட் ஒரு வாரம்கூட நிற்காது. சுரண்டி, பிரைமர் அடித்துவிட்டுத்தான் ஒட்ட வேண்டும். ஓதம் ஏறிய சுவரா? தொடவே தொடாதீர்கள். உள்ளே பூஞ்சணம் குடித்தனம் நடத்தும்!

அடுப்புக்குப் பின்னால் ஃபோம் ஷீட் கூடவே கூடாது! 110 டிகிரி செல்சியஸை நெருங்கினாலே உருகத் தொடங்கும் ரகம் அது. நீங்கள் கடுகு தாளிக்கும் எண்ணெயின் சூடு அதைவிட அதிகம்! அங்கே நிஜக் களிமண் கிளாடிங் டைல்தான் சரி.

ஸ்விட்ச் போர்டு அருகே வெட்டுவதற்கு முன் மெயினை அணையுங்கள். இதில் மட்டும் விளையாட்டே வேண்டாம்.

வாடகை வீடா? கவலை இல்லை! காலி செய்யும்போது ஷீட்டின் மூலையில் ஹேர் டிரையர் காட்டுங்கள். பசை இளகும். மெல்ல உரியுங்கள்.

உலகத்தின் பிரமாண்டமான போலிச் செங்கல் சுவர்களில் ஒன்றைக் கட்டியவர்கள் பாட்டுக்காரர்கள்! 1980இல் பிங்க் ஃபிளாய்டு குழு பாடப் பாட, மேடையில் அட்டைப்பெட்டிச் செங்கல்லால் 40 அடிச் சுவர் எழும்பியது. பத்து வருடம் கழித்து அதே குழுவின் பழைய பாடகர் ரோஜர் வாட்டர்ஸ் அதைப் பெர்லினுக்குக் கொண்டுபோனார். நிஜப் பெர்லின் சுவர் விழுந்து எட்டே மாதம். 1990 ஜூலை 21. மூன்று லட்சத்துக்கும் மேல் கூட்டம். ஸ்டைரோஃபோம் செங்கல். உயரம் 82 அடி. நீளம் 550 அடி. கட்டி முடித்ததும் இடித்ததும் ஒரே ராத்திரி!