கிலோமீட்டர் கணக்கில் கைமாறும் பேருந்து

மும்பையின் பொதுத்துறைப் பேருந்து நிறுவனமான பெஸ்ட்டிடம் 2019-இல் சொந்தப் பேருந்துகள் 3,300-ஐ ஒட்டி இருந்தன. அந்த எண்ணிக்கையைக் குறைய விடுவதில்லை என்று அதே ஆண்டு தொழிற்சங்கங்களோடு உடன்படிக்கையும் ஆயிற்று. 2024 முடிவில் நகரில் ஓடியவற்றுள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் நிறுவனத்தின் சொந்தம். மற்றவையெல்லாம் ஒப்பந்ததாரர்களுடையவை.

பெஸ்ட்டை யாரும் விற்கவில்லை. ஆயுள் முடிந்த பேருந்து கழித்துக் கட்டப்பட்டது. அதன் இடத்துக்குச் சொந்தமாக ஒன்று வரவில்லை. ஓய்வுபெற்ற ஓட்டுநரின் இடமும் காலியாகவே கிடந்தது. இப்படிப் பணிமனைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. தனியார்மயம் என்ற சொல்லைக் கோப்பில் எழுதவே தேவைப்படவில்லை.

இந்த ஏற்பாட்டை மும்பையில் 'வெட் லீஸ்' என்கிறார்கள். சென்னையில் 'ஜிசிசி', அதாவது மொத்தச் செலவு ஒப்பந்தம். பேருந்தை வாங்குவதும் பராமரிப்பதும் ஓட்டுநரை வைப்பதும் ஒப்பந்ததாரர் பொறுப்பு. டிக்கெட் வசூல் போக்குவரத்துக் கழகத்துக்குப் போகும். கழகம் அவருக்குக் கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று கொடுக்கும். வண்டியில் கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தத் தொகை மாறாது.

முன்பு டெல்லியில் ஓடிய தனியார் புளூலைன் பேருந்துகளில் கணக்கு வேறு. அங்கே டிக்கெட் காசுதான் முதலாளியின் வருமானம். அதனால் ஒரே தடத்தில் இரண்டு வண்டிகள் பயணிக்காகப் பந்தயம் ஓடின. ஆண்டுதோறும் பலர் மாண்டார்கள். பொறுக்க முடியாமல் கடைசியில் அந்த ஏற்பாட்டையே எடுத்தார்கள். அந்தப் பந்தயத்தைக் கிலோமீட்டர் கணக்கு ஒழிக்கிறது, உண்மைதான். ஆனால் நிறுத்தத்தில் கை காட்டும் பயணியால் ஒப்பந்ததாரருக்கு இப்போது ஒரு பைசா லாபமில்லை. அவருக்கு மிச்சம் பிடிக்க இருக்கும் இடங்களும் குறைவு. வண்டிக் கடனின் தவணை மாறாது. குறைக்க முடிந்தவை ஓட்டுநர் சம்பளம், பயிற்சி, பராமரிப்பு ஆகிய மூன்றுதான்.

மும்பையில் நடந்ததும் அதுதான். சம்பளம் தாமதமாகிறது என்று 2022-இல் ஒப்பந்த ஓட்டுநர்கள் அடிக்கடி வண்டியை நிறுத்தினார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் ஓர் ஒப்பந்ததாரர், கட்டுப்படியாகவில்லை என்று சிறிய பேருந்துகளையெல்லாம் எடுத்துக்கொண்டு வெளியேறினார். 2023 ஆகஸ்டில் ஒரு நிறுவனத்தில் தொடங்கிய வேலைநிறுத்தம் மற்றவற்றுக்கும் பரவி, ஏறக்குறைய ஒரு வாரம் நகரைத் தவிக்க வைத்தது. ஈடுகட்ட மாநிலப் போக்குவரத்துக் கழகத்தின் பேருந்துகளைக் கொண்டுவந்தார்கள். சொந்தமாக வண்டியும் ஓட்டுநரும் குறைந்துபோன நிறுவனத்துக்கு வேறு வழி ஏது?

2024 டிசம்பர் 9 இரவு குர்லாவில் ஒப்பந்த மின்சாரப் பேருந்து ஒன்று தறிகெட்டு ஓடிக் கடைத்தெருவில் புகுந்தது. ஒன்பது பேர் இறந்தார்கள். நாற்பது பேருக்கு மேல் காயம். பிரேக்கில் கோளாறில்லை என்றது வாகன ஆய்வு. கியர் போட்டு ஓட்டும் சிறிய வண்டியில் பழகியவரிடம், பன்னிரண்டு மீட்டர் நீள ஆட்டோமேட்டிக் மின்சார வண்டியைப் போதிய பயிற்சியின்றிக் கொடுத்ததே விசாரணையில் பேசுபொருளானது. பேருந்தின் நிறமும் எண்ணும் பெஸ்ட்டுடையவை. ஓட்டுநரைத் தேர்ந்து பழக்கியது வேறொருவர். சட்டப்படி யார் குற்றவாளி என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளட்டும். இந்தக் கைமாற்றத்தில் பயிற்சிக்குப் பொறுப்பு யாரிடம் நின்றது என்பதே நாம் கேட்க வேண்டியது.

ஒப்பந்தம் என்றாலே கேடு என்றும் சொல்வதற்கில்லை. லண்டனில் பேருந்துகளைப் பல பத்தாண்டுகளாகத் தனியார்தான் ஓட்டுகிறார்கள். தடங்களைத் தனித்தனியாக, சில ஆண்டுகளுக்கு மட்டும் டெண்டர் விடுகிறார்கள். தடம், கட்டணம், நேரம் எல்லாம் பொது அமைப்பின் கையில் உள்ளன. ஒருவர் விலகினால் எடுக்க இன்னொருவர் உண்டு. அதே நகரத்தின் சுரங்க ரயிலில் முப்பதாண்டு ஒப்பந்தம் போட்டு, பாதைப் பராமரிப்பின் பெரும்பகுதியை மெட்ரோநெட் என்ற நிறுவனத்திடம் 2003-இல் கொடுத்தார்கள். 2007-இல் அது திவாலானது. மறு ஆண்டு அந்த வேலையைப் பொது அமைப்பே திரும்ப ஏற்றது. வரி கட்டியவர்களுக்கு நேரடி நஷ்டம் 17 கோடி முதல் 41 கோடி பவுண்டு வரை இருக்கலாம் என்று பிரிட்டனின் தணிக்கை அலுவலகம் 2009-இல் மதிப்பிட்டது.

தமிழ்நாடு 1972-இல் தனியார் தடங்களை எடுத்துப் பல்லவன், பாண்டியன், சேரன் என்று கழகங்களை அமைத்த மாநிலம். அந்தக் கழகங்கள் ஒழுங்காக நடந்தன என்று யாரும் சத்தியம் செய்ய மாட்டார்கள். ஓய்வூதியர்களின் நிலுவை 2024 ஜனவரி வேலைநிறுத்தம் வரை வந்தது. இப்போது சென்னை மாநகர் போக்குவரத்துக் கழகமும் ஜிசிசி-யில் இறங்கியிருக்கிறது. 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பேருந்துகள் கிளம்பின. நடத்துநர் கழகத்தைச் சேர்ந்தவர்; வண்டியும் ஓட்டுநரும் ஒப்பந்ததாரருடையவை. அடுத்தடுத்த பணிமனைகளும் அதே வழியில் போகின்றன.

தாழ்தளப் பேருந்து வருவதில் எனக்கு மகிழ்ச்சிதான். சக்கர நாற்காலியில் வருபவர் ஏற முடிகிற வண்டிக்காக இந்த நகரம் நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. கவனிக்க வேண்டியவை அந்த வண்டிகளோடு நடக்கும் மற்றவை: கழகம் சொந்தமாக ஓட்டுநரையும் மெக்கானிக்கையும் தொடர்ந்து எடுக்கிறதா, மின்சார வண்டியின் பேட்டரியைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர் கழகத்தின் சம்பளப் பட்டியலில் ஒருவராவது உண்டா, ஒப்பந்த ஓட்டுநரின் பயிற்சியைக் கழகமே சோதிக்கிறதா. ஒப்பந்தக் காலம் முடிந்து அடுத்த டெண்டர் வரும் நாளில், கிலோமீட்டருக்கு உண்மையில் என்ன செலவாகும் என்பதைச் சொந்தமாக வண்டி ஓட்டிப் பார்த்த கழகம்தான் அறிந்திருக்கும். மற்றதெல்லாம் ஒப்பந்ததாரர் சொல்லும் விலைதான்.